பட்டி இல்லாத புது ஜேர்சி: உங்கள் கருத்து என்ன?

டிக்கோயா ஸ்டொப்பர்
வணக்கம் எல்லோருக்கும். நேற்று இரவு நம்ம உதைபந்தாட்டக் கிளப் வட்ஸ்அப் குழுவில் புது ஜேர்சியின் படம் வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தோளில் சாம்பல் நிறம், கீழே இறங்க இறங்கக் கரும்பச்சை. உடம்பு முழுக்கத் தேயிலைக் கொழுந்துப் படம் மங்கலாக. நெஞ்சில் ஸ்பொன்சர் கடையின் பெயர் தங்க நிறத்தில், தொப்புள் வரைக்கும் வந்துவிட்டது. கிளப் சின்னத்தைச் சின்னதாக்கி இடது கையில் ஒட்டியிருக்கிறார்கள். முதுகு எண்ணும் தங்க நிறம். கொலருக்குள் 200 என்று எழுதியிருக்கிறது.

சிவப்பு வெள்ளைப் பட்டி எங்கே போனது? தோட்டத்து மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் இரண்டும் சேர்ந்து ஆட ஆரம்பித்த நாளில் இருந்து நமக்கு அந்தப் பட்டிதான். யாரிடம் கேட்டு மாற்றினார்கள்? திட்டாமல் கருத்துச் சொல்லுங்கள், பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

நோர்வூட் விங்கர்
எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டி ஜேர்சி எல்லாக் கடையிலும் தொங்குகிறது. எந்தப் போட்டிக்குப் போனாலும் இரண்டு மூன்று அணி சிவப்பு வெள்ளையில் நிற்கும். இது மலையகத்து அணி என்று பார்த்தவுடனே தெரிகிறது. நம்மை நாமே காட்டிக்கொள்வதில் என்ன வெட்கம்?

டிக்கோயா ஸ்டொப்பர்
வெட்கம் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? கேட்கவில்லையே என்றுதான் சொன்னேன்.

பழைய நம்பர் நாலு
பட்டி எப்படி வந்தது என்று இன்றைய பையன்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எண்பதுகளில் நாங்கள் ஆளுக்கொரு நிறத்தில் பெனியன் போட்டு ஆடினோம். ஒரு சம்பள நாளில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் துண்டை விரித்துக் காசு சேர்த்து, ஹட்டன் டவுனுக்குப் போனோம். கடைக்காரரிடம் ஒரே அளவில் பதினைந்து சட்டை இருந்தது ஒரே ஒரு நிறத்தில்தான். அது சிவப்பு வெள்ளை. எடுத்துக்கொண்டு வந்தோம். யாரும் உட்கார்ந்து டிசைன் போடவில்லை.

எண்ணைக் கறுப்புத் துணியில் வெட்டித் தையல்காரர் ஒருவர் முதுகில் தைத்துக் கொடுத்தார். பருத்தித் துணி. மழையில் நனைந்தால் முழங்கால் வரை இழுத்துக்கொண்டு வரும். ஆட்டம் முடிந்ததும் பதினைந்தையும் என் அம்மா பீலிக்கரையில் போட்டு அடித்துத் துவைப்பார். முதல் துவைப்பிலேயே சிவப்பு இறங்கி வெள்ளைப் பட்டி ரோஸ் நிறமாகிவிட்டது. அடுத்த போட்டியில் எதிரணி சிரித்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்லத்தான் ஆசை. தோற்றோம். ஆனாலும் அடுத்த செட் வாங்கியபோது எல்லோரும் சொன்ன நிறம் சிவப்பு வெள்ளைதான்.

ஆன்ஃபீல்ட் ஹட்டன்
ஐயா சொன்ன கதையைக் கேட்டதும் ஜுவென்டஸ் ஞாபகம் வருகிறது. அவர்களும் முதலில் ரோஸ் நிறத்தில்தான் ஆடினார்கள். அது வெளுத்துக்கொண்டே போனதால் 1903-இல் இங்கிலாந்தில் இருந்து புதுச் சட்டை வரவழைத்தார்கள். நொட்டிங்ஹாமில் இருந்து வந்து சேர்ந்தது நொட்ஸ் கவுன்டி அணியின் கறுப்பு வெள்ளைப் பட்டி. இன்றைக்கு உலகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டி என்றால் யாருக்கு நொட்ஸ் கவுன்டி ஞாபகம் வருகிறது?

ஆனால் நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. லிவர்பூல் 1964 வரை சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் காற்சட்டைதான் போட்டது. பயிற்சியாளர் ஷங்க்லிதான் முழுச் சிவப்பாக்கினார், அந்த நவம்பரில் அன்டர்லெக்டுக்கு எதிரான ஆட்டத்தில். லீட்ஸ் யுனைட்டட் நீலமும் மஞ்சளுமாக இருந்தது, 1961-இல் டொன் ரெவி பயிற்சியாளராக வந்து ரியல் மட்ரிட் மாதிரி முழு வெள்ளையாக்கினார். இன்று அதை மாற்றுவோம் என்று சொல்லிப் பாருங்கள், லீட்ஸ் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அப்புறம் பிரேசில். 1950 உலகக் கிண்ணத்தில் அவர்கள் வெள்ளை.

டிக்கோயா ஸ்டொப்பர்
நீங்கள் சொன்ன உதாரணம் எல்லாம் என் பக்கத்துக்குத்தான் வருகிறது தம்பி. ஷங்க்லி சிவப்பை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டினார். பிரேசில் மாற்றியது உருகுவேயிடம் மரக்கானாவில் தோற்றுப் பெரிய சோகத்தில் இருந்தபோது. அப்போதும் ஒரு பத்திரிகை மூலம் நாடு முழுக்க டிசைன் போட்டி வைத்துத்தான் மாற்றினார்கள். கொடியில் உள்ள நான்கு நிறமும் வர வேண்டும் என்பது நிபந்தனை. ஜெயித்தது ஒரு சின்னப் பையன், இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த மஞ்சளைத்தான் 1954 உலகக் கிண்ணத்தில் போட்டார்கள். நம்ம கமிட்டி அந்த மாதிரி ஒரு நோட்டீஸாவது வாசிகசாலைச் சுவரில் ஒட்டியதா?

டோஹா டிரைவர்
இங்கே இரவு பதினொரு மணி, வேலை முடிந்து வந்து வாசிக்கிறேன். கார்டிஃப் சிட்டியை யாரும் சொல்லவில்லையே! நீலம் அவர்கள் நிறம், நீலக்குருவி அவர்கள் சின்னம். 2012-இல் மலேசிய முதலாளி வின்சென்ட் டான் சிவப்புதான் ராசி என்று சொல்லிச் சட்டையைச் சிவப்பாக்கி, சின்னத்தில் குருவியைச் சின்னதாக்கி டிராகனைப் பெரிதாகப் போட்டார். அந்த சீசனிலேயே சம்பியன்ஷிப்பை வென்று பிரிமியர் லீக்குக்குப் போனார்கள். அப்படி ஜெயித்தும் ரசிகர்கள் நீலத்தைக் கட்டிக்கொண்டுதான் ஆட்டத்துக்கு வந்தார்கள். கடைசியில் 2015 ஜனவரியில் முதலாளியே இறங்கி வந்து நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கப் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று கமிட்டி நினைத்தால், அது நடக்காது.

நோர்வூட் விங்கர்
அண்ணே, கார்டிஃப் முதலாளி கோடீஸ்வரன். நம்ம ஸ்பொன்சர் ஒரு கடை. ஒப்பிடாதீர்கள்.

டோஹா டிரைவர்
காசு கொடுக்கிறவன் நிறத்தை முடிவு செய்யலாமா என்பது இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் தம்பி.

செட் பொறுப்பு
கமிட்டி சார்பில் பதில் சொல்கிறேன். யாரும் ரகசியமாகச் செய்யவில்லை. மாற்றியதற்கு மூன்று காரணம் இருக்கிறது.

முதலாவது, பட்டியின் மேல் எண் தெரியவில்லை என்று போன முறை ரெப்ரி (நடுவர்) இரண்டு தடவை சொன்னார். மஞ்சள் அட்டை எழுதும்போது ஆறா எட்டா என்று சண்டை வந்தது. இரண்டாவது, பட்டி அடிக்க செலவு கூடும் என்று அச்சடிக்கிற இடத்தில் சொன்னார்கள். மூன்றாவது, ஸ்பொன்சர் இந்த முறை ஜேர்சிக்கு மட்டும் காசு தரவில்லை. வேன் கூலி, போட்டிக்கான நுழைவுக் கட்டணம், மருந்துப் பெட்டி எல்லாம் அவர்தான். பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். பட்டிக்கு நடுவில் போட்டால் எழுத்து ஓடுகிறது, அதனால் பின்னணியை ஒரே நிறமாக்கச் சொன்னார்.

இருபது செட் அடித்தாகிவிட்டது. ஒன்று 1,800 ரூபா.

கட்டுநாயக்க அக்கா
செட் பொறுப்புத் தம்பிக்கு: இரண்டாவது காரணத்தை மட்டும் நான் விடமாட்டேன். நான் கார்மென்ட்ஸில் தரம் பார்க்கிற கியூசி லைனில் நிற்கிறவள், விளையாட்டு உடுப்புத்தான் தினமும் என் கையில் ஓடுகிறது.

நீங்கள் அடித்திருப்பது சப்ளிமேஷன். வெள்ளைப் பொலியெஸ்டர் துணி, டிசைனைக் கடதாசியில் திருப்பி அச்சடித்து, சூட்டு அழுத்தியில் 200 பாகை அளவில் ஒரு நிமிடத்துக்குள் வைத்து எடுப்பார்கள். மை ஆவியாகி நூலுக்குள் போய்விடும். மேலே ஒட்டி நிற்காது, அதனால் வெடிக்காது, உரியாது. அதில் ஒரு நிறம் போட்டாலும் ஒன்பது நிறம் போட்டாலும் காசு ஒன்றுதான். கணக்கு துணியின் பரப்புக்குத்தான். நிறத்துக்கு நிறம் காசு கூடுவது பழைய ஸ்கிரீன் பிரிண்டில். பட்டிக்குச் செலவு கூடும் என்று சொன்னவர் உங்களுக்குக் கதை விட்டிருக்கிறார், அல்லது பக்கத் தையலில் பட்டியைப் பட்டியோடு சேர்த்துத் தைக்கச் சோம்பல் பட்டிருக்கிறார். அது உண்மையிலேயே வேலைதான். வெட்டும்போது அரை அங்குலம் நகர்ந்தாலும் விலாவில் பட்டி முறிந்து தெரியும்.

சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். துணியின் வெள்ளைதான் வெள்ளை. ஆக, வெள்ளைப் பட்டி நமக்குச் சும்மா கிடைக்கிறது! கரும்பச்சையில்தான் சிக்கல். இழுத்துப் பிடித்தால் தையல் ஓரத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை பல்லைக் காட்டும். ஸ்டொப்பர்மார் சட்டையைப் பிடித்து இழுக்கிற இழுப்புக்கு அது கட்டாயம் தெரியும்.

எண்ணுக்கும் வழி இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளில் பட்டி ஜேர்சிக் கழகங்கள் முதுகில் மட்டும் பட்டியை நிறுத்தி, ஒரே நிறக் கட்டம் வைத்து அதன்மேல் எண்ணைப் போடுகின்றன. பார்சிலோனா, நியூகாசில் எல்லாம் அப்படி ஆடியிருக்கின்றன. கம்பியூட்டரில் பத்து நிமிட வேலை.

துணியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓட்டை ஓட்டையாக மெஷ் துணி மாதிரித் தெரிகிறது. கொழும்பு வெயிலுக்கு அது சரி. நாலாயிரம் அடிக்கு மேல், ஜூன் மாதத்து மழையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனுக்குப் பல் கிட்டிக்கும். அடுத்த முறை ஓட்டை இல்லாத இன்டர்லொக் துணி கேளுங்கள். காசில் பெரிய வித்தியாசம் வராது.

டிக்கோயா ஸ்டொப்பர்
அக்கா, சட்டையை இழுப்பது ஸ்டொப்பர் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய நம்பர் நாலு
கியூசி பிள்ளை யாருடைய மகள்? கீழ் டிவிஷனா?

கட்டுநாயக்க அக்கா
மேல் டிவிஷன் மாமா. பதினைந்து சட்டையை அம்மா துவைத்தார்கள் என்று எழுதினீர்களே, பக்கத்துக் கல்லில் நின்றது என் அம்மாயி.

கொழுந்து மடுவம்
எல்லோரும் பட்டியையே பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கொழுந்துப் படம்தான் தொண்டையில் நிற்கிறது.

நோர்வூட் தம்பி, நம்மை நாமே காட்டிக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். கொழுந்து யாருடைய அடையாளம்? கம்பெனி பெட்டியில் இருக்கிறது, ஏற்றுமதிப் பையில் இருக்கிறது, சுற்றுலா விளம்பரத்தில் நம்ம வீட்டுப் பெண்கள் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாரம் ஆறு நாள் அந்த இலையைப் பறிக்கிறோம், எடை போடுகிறோம், எடையில் வெட்டுகிற கழிவுக்குச் சண்டை பிடிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு நிமிடம் நமக்கென்று கிடைக்கிறது. அப்போதும் நெஞ்சில் அதே இலையைச் சுமக்க வேண்டுமா? சிவப்பு வெள்ளைப் பட்டியில் கம்பெனி இல்லை, துரை இல்லை, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டு இல்லை. எனக்கு அது பிடித்திருந்ததே அதனால்தான்.

இன்னொன்று. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டிசைன் போட்டவர் மொட்டுக்குக் கீழே நாலு இலை வரைந்திருக்கிறார். நாலாவது இலை நல்ல முற்றல். என் பெரியம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதை மடுவத்துக்குக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை அரைக் கிலோ வெட்டிவிடுவார் என்றார்.

டோஹா டிரைவர்
பெரியம்மாவைக் கமிட்டிக்கு எடுங்கள்.

நோர்வூட் விங்கர்
சிரிக்க வைத்துவிட்டீர்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பயன்படுத்துகிறது என்பதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அந்த இலையை உலகத்துக்குக் கொடுத்தது யார் கை? வெளியூரில் ஆடப் போனால் கூட்டத்தில் இருந்து தோட்டத்தை வைத்துக் கத்துகிறார்கள். நான் அதே தோட்டத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு கோல் அடித்தால் அவன் வாய் அடைக்கும். என் வயதுப் பையன்கள் பலருக்கும் இந்த எண்ணம்தான். உங்களுக்கு இலை வேலை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாத எங்களுக்கு அது ஊர்.

கொழுந்து மடுவம்
இதைக் கேட்கும்போது கோபம் வரவில்லை தம்பி. சரி, உங்கள் வயதில் அது வேறு மாதிரித் தெரியலாம். ஆனால் ஊரைக் காட்ட இலைதான் வேண்டுமா? மலையைப் போடலாம், காசல்ரீ தண்ணீரைப் போடலாம். வரலாறு என்று போனாலும் நம்ம ஆட்கள் முதலில் கூட்டி வரப்பட்டது கோப்பித் தோட்டத்துக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்டது 1867-இல். இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை. கொலருக்குள் 200 என்று எழுதுகிறவர்கள் அதற்குக் கோப்பிக் கொட்டையைத்தான் வரைந்திருக்க வேண்டும்.

பொகவந்தலாவை கோலி
அந்த 200 பற்றி: நம்ம ஆட்கள் 1823-இல் வந்து 200 வருடம் ஆனதை 2023-இல் மலையகம் 200 என்று நாடு முழுக்க நினைவுகூர்ந்தார்கள், தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த வருடம் போட்டிருந்தால் நானே முதல் ஆளாய்க் கை தட்டியிருப்பேன். இப்போது விளக்கம் இல்லாமல் 200 என்று மட்டும் போட்டால் மற்ற அணிக்காரன் விலை என்று நினைப்பான். 1823 என்று போடுங்கள், பார்க்கிறவன் கேட்பான், நாம் சொல்லலாம்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போன ஞாயிறு டன்பார் மைதானத்தில் பயிற்சி ஆட்டத்துக்கு இந்தச் செட்டில் ஏழு பேர் இறங்கினார்கள். நான் கோலில் நின்றேன், என்னுடையது பழைய மஞ்சள். மூன்றரை மணி வரை பிரச்சினை இல்லை. அப்புறம் பனி இறங்கியது. உங்களுக்குத் தெரியும், அங்கே இறங்கினால் மெதுவாக இறங்காது. ஐந்து நிமிடத்தில் எதிர்க் கோல் கம்பம் காணாமல் போய்விட்டது.

கோலில் இருந்து பார்த்தால் நம்ம ஆட்களின் தோளும் கையும் இல்லை. சாம்பல் பனியோடு போய்விட்டது, கீழ்ப் பச்சை புல்லோடு போய்விட்டது. நடுவில் தங்க நிறத்தில் கடையின் பெயர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பொன்சருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ரைட் பெக் தலையைத் தூக்கிப் பார்த்து, தெளிவாகத் தெரிந்த ஒரே நிறத்துக்குப் பந்தைக் கொடுத்தான். அது எதிரணியின் வெள்ளை. கோல்.

ஆன்ஃபீல்ட் ஹட்டன்
இது அப்படியே மன்செஸ்டர் யுனைட்டட் கதை! 1996 ஏப்ரல், சவுத்தாம்ப்டனில் சாம்பல் ஜேர்சி போட்டு இறங்கினார்கள். பாதி ஆட்டத்தில் 3-0 பின்னால். இடைவேளையில் பயிற்சியாளர் ஃபெர்குசன் எல்லோரையும் நீலம் வெள்ளைக்கு மாற்றச் சொன்னார். ஆட்டக்காரர்களுக்கு ஒருவரை ஒருவர் கூட்டத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 3-1 என்று முடிந்தது. அந்தச் சாம்பலில் ஐந்து ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அந்த சீசனில் லீக்கும் எஃப்ஏ கிண்ணமும் அவர்களுக்குத்தான் என்பதையும் லிவர்பூல் ரசிகனாக இருந்துகொண்டு வயிற்றெரிச்சலோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கு அது ஏப்ரல் மாத வெயிலில் நடந்தது. நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் முழுக்க நடக்கும்.

நோர்வூட் விங்கர்
பனி இறங்கினால் எந்த ஜேர்சியும் தெரியாது அண்ணே.

பொகவந்தலாவை கோலி
சிவப்பு தெரியும் தம்பி. பட்டி தூரத்தில் ஒரே ரோஸ் நிறமாகக் கலங்கித் தெரியும், ஆனால் தெரியும். நான் நின்று பார்த்தவன்.

செட் பொறுப்பு
பனி விஷயத்தைக் கமிட்டியில் சொல்கிறேன். அந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை.

ஸ்பொன்சரைக் கேலி செய்வதை மட்டும் நிறுத்துங்கள். போன வருடம் அரையிறுதிக்குப் போக வேன் காசு இல்லாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம், ஆட்டம் தொடங்கிய பிறகுதான் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு இங்கே எழுதுகிற எவரும் காசு அனுப்பவில்லை.

டோஹா டிரைவர்
அது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஸ்பொன்சர் பெயரை எங்கே, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பது பேச்சுவார்த்தைதானே தம்பி? பார்சிலோனா 1899-இல் தொடங்கிய கழகம். நூறு வருடத்துக்கு மேல் நெஞ்சில் எந்தக் கம்பெனி பெயரும் போடவில்லை. 2006-இல் யுனிசெஃப் பெயரைப் போட்டார்கள், அதற்கும் காசு வாங்கவில்லை, வருடத்துக்கு 15 இலட்சம் யூரோ இவர்கள்தான் கொடுத்தார்கள். பிறகு 2011-இல் நான் இருக்கிற இந்த ஊரில் இருந்துதான் கட்டார் ஃபவுண்டேஷன் வந்து காசைக் கொட்டியது. அப்போதும் நீலமும் சிவப்பும் அப்படியே இருந்தன. அவ்வளவு காசு கொடுத்தவனுக்கே பட்டியைத் தொட விடவில்லை.

கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். முன்னால் அளவான எழுத்து, முதுகில் எண்ணுக்குக் கீழே இன்னொரு தடவை பெயர், மைதானத்தில் ஒரு பேனர். அவர் நம்ம ஊர்க்காரர்தான், பிள்ளைகள் நம்ம பிள்ளைகளோடு படித்தவை. பட்டி போனதற்கு அவர்தான் காரணம் என்று ஊர் பேசுவது அவர் வியாபாரத்துக்கும் நல்லதில்லை. இங்கே அறையில் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், ஒரு செட்டுக்கான காசில் பாதி போடுகிறோம்.

ஆன்ஃபீல்ட் ஹட்டன்
எனக்கு ஒரு பக்கக் கேள்வி. ரசிகர்களுக்கும் விற்கப் போகிறீர்களா? 1,800 ரூபா என்றால் நான் வாங்குவேன். லிவர்பூல் ஒரிஜினல் 80 பவுண்டுக்கு மேல், நம்ம காசில் 30,000 ரூபாவைத் தாண்டும். 2024-இல் 1,350 ரூபா ஆக்கியிருந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், வேறு செலவே இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் மலைக்கு வேலைக்குப் போனால்தான் ஒரு சட்டை. அதனால் என்னிடம் இருப்பது புறக்கோட்டை நடைபாதை லிவர்பூல். சின்னத்தில் இருக்கிற பறவையின் கழுத்து கொஞ்சம் நீளம்.

கட்டுநாயக்க அக்கா
அந்த ஒரிஜினல்களை எங்கே தைக்கிறார்கள் என்று உள்ளே இருக்கிற லேபலைத் திருப்பிப் பாருங்கள் தம்பி. நைக்கி மாதிரி பெரிய பிராண்டுகளுக்கு இந்த நாட்டில் தைத்து அனுப்புகிறார்கள். 1978-இல் கட்டுநாயக்க வலயம் திறந்ததில் இருந்து இந்த லைன்களில் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள்! உலகத்துக்கே ஜேர்சி தைக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கும்போது, நம்ம கிளப் ஜேர்சியை மட்டும் யாரோ ஒருவர் நாலு இலை வரைந்து தந்திருக்கிறார். எனக்குப் பட்டி போனதைவிட அதுதான் எரிகிறது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு சாம்பிளாவது பார்த்துச் சொல்லியிருப்பேன். இருபதையும் ஒரேயடியாக அடிக்கிறவன் எவன்? முதலில் ஒன்று அடித்துத் துவைத்து, காய வைத்து, போட்டு ஓடிப் பார்க்க வேண்டாமா?

பழைய நம்பர் நாலு
பிள்ளை சொல்வது சரி. ஆனால் அடித்ததை வீசவும் முடியாது. இருபதுக்கு 36,000 ரூபா. நான் சொல்வது இது: புதுச் சட்டை பயிற்சிக்கும், எதிரணி சிவப்பில் வருகிற நாளுக்கும் இருக்கட்டும். போட்டிக்குப் பட்டி. பெரிய கழகங்களுக்கும் வீட்டுச் சட்டை, வெளிச் சட்டை என்று இரண்டு மூன்று இருக்கிறதே. பச்சையை விரும்புகிற பையன்களுக்கும் மனசு உடையாது.

கொழுந்து மடுவம்
நாலாவது இலையை மட்டும் மார்க்கர் பேனாவால் அழித்துவிடுங்கள்.

நோர்வூட் விங்கர்
வெளிச் சட்டையாக இருந்தால் எனக்குச் சம்மதம். ஆனால் சின்னத்தை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும், அதில் நானும் உங்கள் பக்கம். கோல் அடித்தால் கையையா முத்தமிடுவது?

அப்புறம் பட்டி அடிக்கிறபோது பழைய மாதிரி அகலப் பட்டி வேண்டாம், கொஞ்சம் ஒடுக்கமாக. கொலர் கறுப்பில். எங்களுக்கும் ஏதாவது விட்டுக்கொடுங்கள்.

டிக்கோயா ஸ்டொப்பர்
ஒடுக்கப் பட்டியா? தூரத்தில் ரோஸ் நிறமாகிவிடும் என்று கோலி இப்போதுதான் சொன்னார். அகலம்தான்.

நோர்வூட் விங்கர்
அகலம் போட்டால் கோயில் மதில் அண்ணே.

டிக்கோயா ஸ்டொப்பர்
கோயில் மதிலைக் குறை சொல்கிறவன் தேர் அன்று அன்னதானத்துக்கு வரக்கூடாது.

செட் பொறுப்பு
சரி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசிகசாலையில் கமிட்டிக் கூட்டம். யாரும் வரலாம், போனில் கத்துவதைவிட அங்கே வந்து கத்துங்கள். கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் வருகிறேன் என்றார். கட்டுநாயக்க அக்கா, உங்களுக்கு லீவு இல்லாவிட்டால் வீடியோ கோலில் வாருங்கள். துணி விஷயம் நீங்கள் பேசினால்தான் எடுபடும். பட்டியின் அகலத்தை அங்கே கை தூக்கி முடிவு செய்யலாம். டோஹா அண்ணன் சொன்ன பாதிக் காசை எழுதி வைத்துக்கொண்டேன்.

பொகவந்தலாவை கோலி
எல்லாம் சரி, கோலிக்கு என்ன நிறம்? மூன்று பக்கம் பேசியும் என்னை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி கோலி இரண்டு அணியில் இருந்தும் ரெப்ரியில் இருந்தும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். என் மஞ்சள் மூன்று வருடத்து மஞ்சள், இப்போது அது என்ன நிறம் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டுநாயக்க அக்கா
செம்மஞ்சள் போடுங்கள். பனியிலும் தெரியும். முழங்கைக்கு உள்ளே இரட்டைத் துணி வைக்கச் சொல்லி நான் பேசுகிறேன்.

செட் பொறுப்பு
கோலியின் அளவு என்ன?

பொகவந்தலாவை கோலி
எக்ஸ்எல். கை மட்டும் டபுள் எக்ஸ்எல்.